நின்றாலும் எரிகிற விளக்கு

ஜூன் 2

ஊசிக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. சில எழுத்துகள் படுத்துக் கிடக்கின்றன, சில எழுந்து ஓடப் பார்க்கின்றன. கோட்டின் மேல் உட்கார வையுங்கள் என்று சொல்லித் தருகிறவர் சொல்கிறார். என் கைக்கு அது இன்னும் பழகவில்லை. இந்தக் கொஞ்சத்தை எழுதுவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனால் பார், இதை எழுதியது நான்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படி. காகிதக் கிடங்கில் காலமெல்லாம் தாள் கட்டுகளைத் தோளில் சுமந்துவிட்டு, ஒரு தாளிலும் ஓர் எழுத்து எழுதாமல் ஓய்வு பெற்ற அதே ஆள்தான்.

சாயங்காலம் எங்கே போகிறீர்கள் என்று தினமும் கேட்டாய். ‘சும்மா ஒரு சுத்து’ என்று தினமும் சொன்னேன். சீட்டாட்டம் என்று நினைத்தாய். படிப்பகத்தின் பின் அறையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். அங்கேதான் போனேன். சொல்லித் தருகிறவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது ஒரு சொல்லில் திக்கி நின்றால், “படியில நிக்காதீங்க, உள்ள ஏறுங்க, உள்ள ஏறுங்க” என்பார். வகுப்பே சிரிக்கும். நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு நாள் உன் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துச் சத்தமாகப் படித்து உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன்.

அதற்குள் அந்த விபத்து வந்தது. வகுப்பு முடிந்து திரும்பும்போது கிடங்கு முனையில் சைக்கிளோடு நின்று, தெருவைக் கடக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் வேன்காரனுக்கு நான் தெரியவில்லை. விலகுகிறேன் என்று சாக்கடையில் விழுந்தேன். முழங்கையில் நீ மருந்து போட்டாய். போட்டுக்கொண்டே, “சைக்கிளா, நானா? இப்பவே சொல்லுங்க” என்றாய். நான் போய்ச் சைக்கிளில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பினால், தங்கை வீட்டுக்குப் போக நீ பெட்டியும் தையல் மெஷினும் கட்டிவிட்டாய்.

போன் செய்தால் என் ‘ஹலோ’வைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

சைக்கிளை விட என்னால் முடியவில்லை. நீ இல்லாமலும் முடியவில்லை. வீட்டுக்குள் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது உடம்பு. அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து வாசலுக்கு வருகிறேன். கடைசியில் ஒன்று தோன்றியது. சைக்கிளில் விளக்கு மாட்டினால் என்ன?

சைக்கிள் சாமானும் விற்கிறாரே, அந்தப் பல்புக்காரர் கடைக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, நம் சைக்கிள் பழைய ஆள். கறுப்பு உடம்பு, கம்பி பிரேக், சங்கிலியை மூடிய பெட்டி, ஸ்பிரிங் வைத்த தோல் சீட். அதில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் விளக்கை மாட்டினால், தாத்தா தலையில் பேரன் தொப்பியை வைத்த மாதிரி இருக்கும். பழைய மாதிரியே செய்த விளக்கு வேண்டும் என்றேன். அவர் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று உருண்டை, தவளைக் கண் மாதிரி. ஒன்று நீளமாக, முனை கூராக, தோட்டா மாதிரி. மூன்றாவதற்கு மேலே ஒரு சின்ன முன்தட்டு இருக்கிறது. தூரத்தில் வருவது யார் என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற ஆள் மாதிரி. மூன்றையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “பெரியவரே, வாங்கறீங்களா, இல்ல அதுங்களோட பேசிட்டு இருக்கீங்களா?” என்றார்.

டைனமோவில் எரிகிற விளக்குதான் பழைய வண்டிக்குப் பொருத்தம். டயரில் உரசிச் சுற்றும். மிதித்தால் எரியும், நின்றால் அணைந்துவிடும். பாட்டரியிலும் இருக்கிறது. எதை வாங்க? தவளையா, தோட்டாவா, கை வைத்துப் பார்க்கிறவரா? நீ சொல். அதுவரை வாங்க மாட்டேன். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 7

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மாமா யாரையாவது உக்கார வச்சு எழுதச் சொல்லியிருப்பாருக்கா. எழுதினவனுக்குக் கை சரியில்ல, அவ்வளவுதான்” என்றாள். ஆனால் சைக்கிளைத் தாத்தா என்றும் விளக்கைத் தவளை என்றும் எழுத உங்களைத் தவிர யாருக்கு வரும்? மறுபடி படித்தேன். அதன் பிறகு தையல் எதிலும் கை ஓடவில்லை.

கல்யாணமான புதிதில் நான் ஒரு சிலேட்டு வாங்கிவந்து உங்கள் முன்னால் வைத்தேன். “இது கட்டுத் தூக்கற கை” என்று சொல்லி அதன் மேல் டீ டம்ளரை வைத்தீர்கள். அதிலிருந்து கரண்ட் பில், மருந்துச் சீட்டு, கடைப் பலகை எல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். பஸ்ஸில் போர்டு பார்க்கவும் நான்தான். இப்போது யாரோ ஒரு கண்டக்டர் ஏறுங்க என்றதும் ஏறிவிட்டீர்கள். சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இருந்தாலும் அந்தச் சிலேட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

விளக்கு பற்றிக் கேட்டீர்கள். தவளை வேண்டாம். தோட்டா வேண்டவே வேண்டாம். கை வைத்துப் பார்க்கிறவரை வாங்குங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும், அதை மறந்துவிட்டீர்கள். உங்களை இடிக்கிறவன் எதிரே வந்துதான் இடிப்பான் என்று என்ன நிச்சயம்?

டைனமோதான் எனக்குப் பிடிக்கவில்லை. மிதித்தால் எரியும், நின்றால் அணையும் என்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் ஓட்டிக்கொண்டா இருந்தீர்கள்? நின்றுகொண்டுதானே இருந்தீர்கள்? ஆபத்தான நேரத்தில் இருட்டாகிற விளக்கு எதற்கு? நின்றாலும் எரிகிற விளக்காகப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாத்தாவைப் பூட்டி வையுங்கள்.

நீல சட்டையில் ஒரு பித்தான் அறுந்திருந்தது. தைத்துக்கொண்டீர்களா, அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறீர்களா?

பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, வீணாக்குவானேன். முன்பக்கத்தில் எழுதியதெல்லாம் கோபத்தில் எழுதியது. இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை நல்லவள்தான். ஆனால் டிவியைப் போட்டுவிட்டு அதற்கு மேலே குரல் எடுத்துப் பேசுகிறாள். எழுந்தால் உட்காரச் சொல்கிறது மனசு, உட்கார்ந்தால் எழச் சொல்கிறது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். வேறு யாரோ போகிறார்கள்.

வருகிற 16ஆம் தேதி, சனிக்கிழமை, சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். விளக்கை மாட்டி, எரியவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் உங்களோடு வீட்டுக்கு வருவேன். வெளிச்சம் இல்லையென்றால், தனியாக இருப்பது உங்களுக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இதைப் போனில் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை எழுதவும் மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஊசி


ஜூன் 14

ஊசிக்கு,

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். இன்று வியாழன். கையெழுத்து போன தடவையைவிடக் கொஞ்சம் எழுந்து நிற்கிறது, கவனித்தாயா?

உன் கடிதத்தைத் தபால்காரர் என் கையில் கொடுத்தபோது, வழக்கம்போல “வீட்டம்மா இல்லையா, படிக்கட்டுமா?” என்றார். “கொடுங்க, எனக்குப் படிக்கத் தெரியும்” என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாசலிலேயே ஆரம்பித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தி, பித்தான் வரைக்கும் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. என் பெயருக்கு வந்து நானே படித்த முதல் கடிதம். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பசை காய்ச்சி, உன் பீரோவின் கதவில் ஒட்டிவிட்டேன். மூலைக்கு மூலை தொட்டு வைக்கிற வேலை இல்லை. முழுக்கத் தடவி, உள்ளங்கையால் தேய்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருக்கிறேன். காகிதக் கிடங்கு ஆள் ஒட்டியது, பெயர்ந்து வராது. பல் துலக்கிக்கொண்டே படிக்கிறேன். தலை துவட்டிக்கொண்டே படிக்கிறேன். பித்தானைத் தைத்துக்கொண்டேன், கோணலாக.

சிலேட்டு விஷயம் உண்மை. உன்னிடம் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று நானும் யோசித்தேன். உன் முன்னால் தப்பாகப் படிக்க எனக்குக் கூச்சம். வகுப்பில் எல்லோரும் தப்பாகத்தான் படிக்கிறோம். ஒருவர் தப்புக்கு இன்னொருவர் சிரிப்பார், அவர் தப்புக்கு நான் சிரிப்பேன். வீட்டில் நீ சிரித்தால் நான் எங்கே போய்ச் சிரிப்பது?

கை வைத்துப் பார்க்கிறவரையே வாங்கிவிட்டேன். நீ சொன்னதைப் பல்புக்காரரிடம் அப்படியே சொன்னேன். “நின்னாலும் எரியணும், ஆனா டைனமோதான் வேணும். என்ன செய்வீங்களோ தெரியாது.” அவர் தலையைச் சொறிந்துவிட்டு உள்ளே போய் இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். பார்க்க அதே பழைய முகம், அதே முன்தட்டு, சுற்றிலும் அதே வெள்ளிப் பூச்சு வளையம். உள்ளே மட்டும் புதுசு. ஓட்டும்போது கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வண்டி நின்ற பிறகும் சிறிது நேரம் மங்கலாக எரியுமாம். “வீட்ல கேட்டாங்கன்னு சொல்லுங்க. இவ்வளவு யோசிக்கற ஆளு நீங்க இல்ல” என்றார். பின்னால் மட்கார்டில் மாட்ட உருண்டையாக ஒரு சிவப்பு விளக்கும் வாங்கியிருக்கிறேன்.

பெட்டிக்குள் எப்படி மாட்டுவது என்று அச்சடித்த தாள் ஒன்று இருக்கிறது. “நான் மாட்டித் தரேன்” என்றார். வேண்டாம் என்றேன். தாளைப் படித்து நானே மாட்டப் போகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பில் முதல் தடவையாக எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும், அதற்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் விளக்கில் கை வைப்பேன். என்ன அவசரம்?

நீ எப்போது வருவாய் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே. சரி, நான் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 19

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சனிக்கிழமை வகுப்பில் நன்றாகப் படித்திருப்பீர்கள்.

என்ன அவசரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை.

பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்பு வலி. நீளமாக எழுத முடியாது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், உங்கள் பதிலையும் பார்த்துவிட்டேன். இனிமேல் கை வலிக்க எழுத வேண்டாம்.

மழைக்காலத்துப் போர்வை மேல் தட்டில் இருக்கிறது.


ஜூன் 24

ஊசிக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கண்டக்டரிடம் காட்டாமல் நானே திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவேளை தப்பாகப் படிக்கிறேனோ என்று எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதேதான் வருகிறது.

என்ன பயணம்? எங்கே போனாய்? தங்கையோடு எங்காவது போயிருந்தாயா? இடுப்பு வலி வரும் அளவுக்கு எதற்கு அலைகிறாய்? பீரோ கதவில் இருக்கிற கடிதத்தில் சிலேட்டுக்காகக் கோபப்பட்டாய், ஆனால் விளக்கையும் நீயே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாய். இந்தக் கடிதத்தில் அந்தக் கோபம்கூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்தேன்? கூச்சத்தால் உன்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்றேனே, அதுவா? நான் எழுதியதில் எது குத்தியது என்று தெரிந்தால்தானே அதை எடுத்துப் போட முடியும்?

வீட்டில் இருக்க முடியவில்லை. தெருவில் இறங்கினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அதனால் விளக்கையே கட்டிக்கொண்டு அழுதேன். இந்த வாரம் முழுக்க அந்த வேலைதான்.

தாளைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்தேன். ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கிற போல்ட்டைக் கழற்றி, முன்விளக்கின் தகட்டை அதன் அடியில் நுழைத்தேன். விளக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ சந்தேகமாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. மூன்று முறை கழற்றி மாட்டினேன். டைனமோவை முன்சக்கரத்தைத் தாங்குகிற கவட்டின் இடது பக்கம் பட்டை போட்டுக் கட்டினேன். அதில் ஊசி முனை வைத்த சின்னத் திருகு ஒன்று உண்டு. அது பெயின்டைக் குத்தி உள்ளே இரும்பைத் தொட வேண்டும், தொட்டால்தான் மின்சாரம் திரும்பிப் போகும். கறுப்புப் பெயின்டில் குத்தும்போது எனக்கே வலித்தது. வயரைக் குழாயின் அடியோடு கொண்டுபோய், உன் மெழுகு நூலால் அங்கங்கே கட்டினேன். உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள். மட்கார்டில் துளை போட்டுச் சிவப்பு விளக்கை மாட்டினேன்.

தாளின் கடைசி வரியில், டைனமோவின் பட்டையைக் கையால் மட்டும் முடுக்கவும் என்று போட்டிருக்கிறது. என் கையில் ஸ்பேனர் இருந்தது. ஒரு திருகு கொடுக்கலாம் என்றுதான் கை போனது. ஆனால் அச்சில் போட்டிருக்கிறவர்களுக்குத் தெரியாதா? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தாள் சொன்னபடி ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறேன். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன். எரிந்தது! முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. வா வா என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

நாளை சாயங்காலம் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். வேண்டாம் என்றாலும் எழுதுவேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 27

ஊசிக்கு,

கையெழுத்து மோசமாக இருந்தால் இந்தத் தடவை காரணம் வேறு. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, சுளுக்குதான்.

திங்கள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். பல்புக்காரர் கடைத் தெரு வரைக்கும் ராஜா மாதிரி போனேன். அந்தத் தெருவின் கல் பாவிய மேட்டில் வண்டி குலுங்கியது. டைனமோவின் பட்டை நழுவி, டைனமோ அப்படியே சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. நல்லவேளை, மெதுவாகத்தான் போனேன். இரண்டு கம்பி போயிற்று. விளக்குக் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பல்புக்காரர் ஓடிவந்து தூக்கினார். அடி பட்டதைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். “உங்க தாள்ல போட்ட மாதிரிதான் செஞ்சேன். ஒரு வரி விடல!” என்று சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

“பட்டையை ஸ்பேனர்ல முடுக்கினீங்களா?”

“கையாலன்னுதான போட்டிருக்கு?”

“பெரியவரே, பின்பக்கம் பாத்தீங்களா?”

“எதோட பின்பக்கம்?”

“இந்தத் தாளோடதான்.”

திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கம் முழுக்க எழுத்து. முதலில் கையால் முடுக்கி, டைனமோவைச் சக்கரத்தின் நடுவுக்கு நேராகப் பார்த்து வைத்து, அதன் பிறகு ஸ்பேனரால் இறுக்கவும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. எங்கள் வகுப்பில் தருகிற தாள்களுக்குப் பின்பக்கம் எப்போதும் வெள்ளைதான். ஒரு தாளைத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தத் தெருவில் நின்றுகொண்டிருக்கும்போதே எனக்குப் பீரோ கதவு ஞாபகம் வந்தது. சைக்கிளைக் கடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியவில்லை.

நம்பு, உன் கடிதத்தைப் பிரித்தபோது பின்னால் எழுத்துத் தெரிந்தது. ஆனால் நீ எம்பிராய்டரி போடும்போது நான் துணியைத் திருப்பினால் கையில் அடிப்பாயே, “உள்பக்கத்தப் பாக்காதீங்க, அது பாக்கறதுக்கில்ல” என்று. உன் மை பேனா அழுத்தமானது. முன்பக்கத்து எழுத்துதான் ஊறி, தையலின் உள்பக்கம் மாதிரி அந்தப் பக்கம் தெரிகிறது என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருஷம் ஒரு தையல்காரியோடு குடும்பம் நடத்தியதில் வந்த வினை.

ஈரத் துணியை ஒற்றி ஒற்றிப் பெயர்த்தேன். நானே பெருமையாக ஒட்டியது, லேசில் வருமா? பாதி கதவோடு போயிற்று. வந்த பாதியில் மையும் கரைந்துவிட்டது. ‘இருப்புக் கொள்ளவில்லை’ கிடைத்தது. ‘சைக்கிள் மணி’ கிடைத்தது. ‘16ஆம் தேதி’ கிடைத்தது. ‘பஸ் ஸ்டாண்டுக்கு’ கிடைத்தது. ‘அதே பஸ்ஸில் திரும்பி’ என்ற இடத்துக்கு வந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டேன். உன் பயணம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. நீ பஸ் ஸ்டாண்டில் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் வகுப்பில் எழுந்து நின்று, வெள்ளாடு மேய்ந்த கதையைப் படித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

உடனே போன் செய்தேன். உன் தங்கை எடுத்தாள். “மாமா, உங்க பேர எடுத்தாலே அக்கா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கறா. என்னன்னாலும் எழுதிப் போடுங்க. படிக்கறா, அது மட்டும் தெரியும்” என்றாள். அதனால் எழுதுகிறேன். மணிக்கட்டு வலித்தால் வலிக்கட்டும்.

பல்புக்காரர் கம்பிகளை மாற்றி, டைனமோவை நேராக வைத்து, ஸ்பேனரை என் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் விளக்கோடு பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் இருப்பேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் இருப்பேன். நின்றால் சிறிது நேரம்தான் எரியும், பஸ் தாமதமாக வந்தால் அணைந்துவிடும். அதனால் நிற்க மாட்டேன். பஸ் வரும் வரைக்கும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 2

வீட்டுக்காரருக்கு,

காலமெல்லாம் தாள் சுமந்த மனுஷருக்குத் தாளுக்கு இரண்டு பக்கம் என்று தெரியாதா? இதைப் படித்துவிட்டுத் தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தேன்.

அந்த 16ஆம் தேதி என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கித் தூண் ஓரமாக நின்றேன். தூரத்தில் எந்தச் சைக்கிள் வெளிச்சம் வந்தாலும் பையை எடுத்துக்கொண்டு நாலு அடி முன்னால் போனேன். பால்காரர் வந்தார். யாரோ ஒரு பெண் வந்தாள். ஒவ்வொரு தடவையும் பையை எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கீழே வைத்தேன். “யாரம்மா வரணும்?” என்று டிரைவர் கேட்டார். “யாரும் இல்லை” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வருகிறது, ‘என்ன அவசரம்’ என்று. உங்களை என்ன செய்தால் தகும்?

உங்கள் கடைசிக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. மறுபடி ஏமாறக் கூடாது என்று பெட்டி எடுக்காமல், கைப்பையோடு மட்டும் சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஆமாம், வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, முக்காடு போட்டுக்கொண்டு பார்த்தேன்.

இறங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பஸ் திரும்பும்போதே தெரிந்தது. மற்ற வெளிச்சமெல்லாம் வந்தது, போயிற்று. ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. டீக்கடைப் பக்கம் வந்தால் வெள்ளை தெரியும், கழிப்பறைப் பக்கம் திரும்பினால் சிவப்பு தெரியும். ஒவ்வொரு பஸ் வாசலையும் எட்டிப் பார்த்துக்கொண்டே மிதித்தீர்கள். நீல சட்டை. பித்தான் கோணல்தான். இத்தனை வருஷத்தில் உங்களை அவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் பக்கத்திலேயே இருந்து திட்டிக்கொண்டிருந்துவிட்டேன்.

இறங்கியிருந்தால் அழுதிருப்பேன். பஸ் ஸ்டாண்டில் அழ எனக்கு இஷ்டமில்லை. அதுவுமில்லாமல் நான் காத்திருந்த அளவுக்கு நீங்களும் கொஞ்சம் சுற்ற வேண்டாமா? பஸ் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அதிலேயே திரும்பி வந்து பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

7ஆம் தேதி அதே பஸ்ஸில் வருகிறேன். பெட்டியும் தையல் மெஷினும் உங்கள் தாத்தாவின் கேரியரில் நிற்காது. ஓர் ஆட்டோ சொல்லி வையுங்கள். நான் ஆட்டோவில் வருகிறேன், நீங்கள் முன்னால் ஓட்டுங்கள். கிடங்கு முனையில் நின்று காட்டுங்கள், எரிகிறதா பார்க்கிறேன்.

பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. திருப்பிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஊசி


ஜூலை 5

ஊசிக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. திருப்பிப் பார்த்தேன். வேண்டாம் என்றாலும் பார்ப்பேன், இனிமேல் எல்லாவற்றையும் பார்ப்பேன். கரண்ட் பில்லைக்கூடப் பார்த்துவிட்டேன்.

பார்த்துவிட்டா போனாய்? எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு என் நிலைமை உனக்குத் தெரியுமா? கண்டக்டர் வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டு அங்கேயே வந்து நின்றார். தெரிந்த டிரைவர்களிடமெல்லாம், “பாத்து ஓட்டுங்கப்பா, நம்ம ஆளு ஒருத்தர் உள்ள சுத்திட்டிருக்காரு” என்று சொல்லி வைத்தார். டீக்கடைக்காரர், “என்ன பெரியவரே, பஸ் ஸ்டாண்ட அளந்து விக்கப் போறீங்களா?” என்று கேட்டார். கால் கெஞ்சியது. இறங்குகிற ஒவ்வொரு புடவையையும் பார்த்தேன். ஜன்னலில் முக்காடு போட்ட அம்மா ஒருத்தியையும் பார்த்தேன், யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று பரிதாபப்பட்டேன். அது நீதானா? கடைசிப் பஸ்ஸும் போன பிறகு, ஓட்டத் தெம்பில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை. நேற்று மாலை வரை நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

சரி, அது போகட்டும். நீ வருகிறாய்.

ஆட்டோ சொல்லிவிட்டேன். மெஷின் இருக்கிறது, மேடு பள்ளத்தில் நிதானமாக வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பீரோ கதவைக் கழுவினேன். பசைத் தடம் போகவில்லை, நீ வந்து திட்டு. டைனமோவை இன்று காலையும் ஒரு தடவை ஸ்பேனரால் இறுக்கிப் பார்த்தேன். இப்போதுகூட எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை வரைக்கும் எப்படித்தான் இருக்கப்போகிறேனோ.

ஒன்று மட்டும் யோசிக்கிறேன். தவளையா தோட்டாவா என்று அவ்வளவு அலைந்து தேர்ந்தெடுத்த முன்விளக்கை நீ பார்க்கவே போவதில்லை. ஆட்டோ வெளிச்சத்துக்கு முன்னால் அது எங்கே எடுபடும்? வீடு வரைக்கும் உன் கண்ணில் படப்போவது பின்னால் இருக்கிற சிவப்பு விளக்குதான். அதைச் சொன்னதும் நீதான். கிடங்கு முனையில் நான் நிற்பேன். அது எரிகிறதா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு முதுகில் கண் இல்லை.

வந்துவிட்டால் கடிதம் நின்றுவிடும் என்று நினைக்காதே. நேரில் சொல்ல வராதது நிறைய இருக்கிறது, அதற்கெல்லாம் நான் இன்னும் எழுத்துக் கூட்ட வேண்டும். அடுத்த வாரம் நீ மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது நான் எதிரே உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். தப்பு வந்தால் சிரி, பரவாயில்லை. ஆனால் எழுதி முடிக்கும் வரைக்கும் எட்டிப் பார்க்கக் கூடாது.

உன் வீட்டுக்காரன்